கண்டுபிடித்தாராம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பால் பிரண்டனைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முழுசாகப் படித்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் இரண்டாவது பத்தியிலேயே காபி ஆறிவிட்டது. "திருவண்ணாமலையில் யாருக்கும் தெரியாமல் கிடந்த ரமணரைக் கண்டுபிடித்த ஆங்கிலப் பத்திரிகையாளர்" என்று ஒரு வரி. கிடந்தாராம், கண்டுபிடித்தாராம். பரணில் கிடந்த பழைய பாத்திரமா ஐயா அவர்?

என் பாட்டி பிறந்து வளர்ந்தது திருவண்ணாமலையில். ரமணர் விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில், சாதுக்கள் பிச்சைக்குப் புறப்படும்போது சங்கு ஊதுவார்களாம். சத்தம் கேட்டதும் கொள்ளுப்பாட்டி சோற்றைத் தனியாக எடுத்து வைப்பார். தெருமுனையில் "அருணாசல சிவ" என்று பாட்டு வந்ததும் ஏழெட்டு வயசுப் பெண்ணான பாட்டி, பித்தளைக் கிண்ணம் கையைச் சுடாமல் பாவாடை நுனியால் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். சாகும்வரை அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கையை அதே மாதிரி குவித்துக் காட்டுவாள். அந்தப் பாட்டுதான் அட்சரமணமாலை, பிச்சைக்குப் போகிறவர்கள் பாடுவதற்கென்றே ரமணர் எழுதிக் கொடுத்தது. தெருவே சோறு எடுத்து வைத்துக் காத்திருந்த மனிதரை யாருக்கும் தெரியாது என்கிறார் உங்கள் கட்டுரையாளர். 1898-ல் பிறந்த பிரண்டனுக்கு அப்போது லண்டனில் மீசை முளைத்துக்கொண்டிருந்திருக்கும்.

சம்ஸ்கிருதப் பண்டிதர் காவ்யகண்ட கணபதி முனி 1907-லேயே "பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி" என்று பெயர் சூட்டிவிட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததா? சரி, வெள்ளைக்காரர் கணக்கிலாவது பிரண்டன் முதல் ஆளா என்றால் அதுவும் இல்லை. 1911-லேயே ஹம்ப்ரீஸ் என்ற போலீஸ் அதிகாரி வந்து பார்த்துவிட்டார். லண்டன் நண்பருக்கு அவர் எழுதியது பின்னால் அங்கே பத்திரிகையிலும் வந்தது. பிரண்டன் வந்தது 1931-ல். இருபது வருஷம் கழித்து வந்தவர் கண்டுபிடிப்பாளர்!

அவராவது தேடி வந்தாரா? சென்னையில் ரமணரின் அடியார் ஒருவரே வந்து, என் குருவைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். ஐயா மசியவில்லை. அப்புறம் 'முருகன் ஓர் உழவன்' எழுதிய கா.சி. வேங்கடரமணி அவரைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போய் காஞ்சிப் பெரியவர் முன்னால் உட்கார வைத்தார். பெரியவர், ரமணரைப் பார்க்காமல் தென்னாட்டை விட்டுப் போகக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார். அதற்கப்புறம்தான் ரயில், மாட்டுவண்டி எல்லாம். நம்மூர்க்காரர்கள் மூன்று பேர் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்ட கதை இது. பிரண்டன் யோக்கியமானவர், 1934-ல் வந்த தன் 'A Search in Secret India' புத்தகத்தில் இதையெல்லாம் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகத்தைப் புரட்டாமலேயே அதைப் பற்றி மூன்று பக்கம் எழுத உங்களிடம் ஆள் இருக்கிறது.

எனக்கு பிரண்டன் மேல் கோபம் இல்லை. காலேஜ் நாளிலேயே படித்து ராத்தூக்கம் கெட்டவன் நான். எகிப்தில் பெரிய பிரமிடுக்குள் ராஜாவின் அறையில் ஒரு ராத்திரி முழுக்கத் தனியாக உட்கார்ந்திருந்ததை அவர் எழுதியிருப்பதைப் படித்தால் நமக்கு உள்ளங்கை வேர்க்கும். அதற்கு உங்கள் கட்டுரையில் அரை வரி. ஆசிரமத்தில் குறிப்பு எடுக்கக் கூடாது என்று வந்த தகராறில் மனம் கசந்து ஒதுங்கினாரே, அது எங்கே? யுத்த காலத்தில் மைசூரில் இருந்ததும், வி. சுப்பிரமணிய ஐயரிடம் வேதாந்தம் படித்ததும், அதன் பிறகு வெறும் யோகம் போதாது என்று 1941-ல் எழுதி பழைய வாசகர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டதும் எங்கே? எல்லாவற்றையும் விட, 1952-க்குப் பிறகு 1981-ல் சுவிட்சர்லாந்தில் கண்ணை மூடும்வரை ஒரு புதுப் புத்தகம்கூட வெளியிடவில்லை மனிதர். எழுதுவதை நிறுத்தவும் இல்லை. எழுதி எழுதி வைத்துவிட்டுப் போனது பதினாறு தொகுதிகளாகப் பின்னால் வந்தது. ஒரு பத்திரிகைக்காரர் 29 வருஷம் எழுதியதை அச்சுக்குக் கொடுக்காமல் இருந்திருக்கிறார். உங்கள் கட்டுரையாளரால் ஒரு வாரம் முடியுமா?

"டாக்டர்" பிரண்டன் என்று நாலு இடத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டத்தைப் பற்றி எழுத்தாளர் ஜெஃப்ரி மேசன் 1993-லேயே கேள்வி எழுப்பியாகிவிட்டது. மேசன் வெளி ஆள் இல்லை, அவர் அப்பாவுக்கே பிரண்டன்தான் குரு. நான் முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவன். சந்தேகமான பட்டம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புவோம். அந்தக் காலத்தில் அதைக் கவனிக்கவும் ஆள் இருந்தது. இப்போது ராசிபலனுக்கு நான்கு பக்கம், வாசகர் கடிதத்துக்கு அரைப் பக்கம், ப்ரூஃபுக்கு யாரும் இல்லை போலிருக்கிறது. வள்ளலார் கட்டுரையில் வருஷம் தப்பு என்று போன தையில் எழுதினேன். பதில் இல்லை. அதற்கு முன்பு எழுதியதற்கும் இல்லை. பரவாயில்லை, உங்களுக்கு ஆயிரம் வேலை.

அடுத்த இதழில் "கண்டுபிடித்த" என்பதை "சந்தித்த" என்று திருத்தி ஒரு வரி போட்டால் போதும். கடைசிப் பக்கத்தில் போட்டாலும் சரி.

இன்னொன்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை தீப மலருக்குப் பழைய படங்கள் இருந்தால் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். பாட்டி மலையைப் பார்த்துக் கும்பிட்டு நிற்கிற படத்தை, நகல் எடுக்காமல், அசலையே அனுப்பினேன். மலரிலும் வரவில்லை, வீட்டுக்கும் திரும்பி வரவில்லை. எங்களிடம் இருந்த ஒரே படம் அதுதான். தயவுசெய்து தேடிப் பார்த்து அனுப்பி வையுங்கள். தபால்தலை ஒட்டி விலாசம் எழுதிய கவரை இத்துடன் வைத்திருக்கிறேன். அப்போதும் வைத்திருந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ப்ரூஃப் ரீடர் ஒருவர்,
விழுப்புரம்