கம்ப்ரஷன் குறைந்தால் உடனே போர் அடிக்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் இணைப்பிதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். அதில் ஒரு வரி மட்டும் மனதை உறுத்துகிறது. கம்ப்ரஷன் (பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) குறைந்து, பிரீதர் குழாயில் (கிராங்க் கேஸ் எனும் எஞ்சின் அடிப்பெட்டியின் காற்றை வெளியே விடும் குழாய்) ஆயிலும் புகையும் வந்தால் ரிங் (பிஸ்டனைச் சுற்றி அடைத்து நிற்கும் வளையம்) போய்விட்டதென்று அர்த்தம், மறுபடி போர் அடிப்பதுதான், அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவதுதான் வழி என்று எழுதியிருந்தார்கள். அதை நம்பி யாராவது நல்ல சிலிண்டரைக் கடைசலுக்குக் கொடுத்துவிடக் கூடாது. என் வண்டிக்கு அது நடக்க இருந்தது.

அப்பா ஓட்டிய வண்டி அது. ஒற்றை சிலிண்டர், 350 சிசி, புஷ்ராட் (கீழிருந்து வால்வுகளைத் தள்ளித் திறக்கும் நீளக் கம்பி) உள்ள எஞ்சின். பல வருடம் சும்மா நின்றதை முழுவதும் பிரித்து, போர் அடித்து, 0.50 மில்லிமீட்டர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, வால்வு சீட் (வால்வு மூடும்போது படியும் விளிம்பு) வெட்டி மறுபடி கட்டினோம். முதல் 300 கிலோமீட்டர் நன்றாக ஓடியது. அப்புறம் கிக்கர் லேசாகிவிட்டது. முன்பெல்லாம் கிக்கர் மேல் ஏறி நின்றால் கம்ப்ரஷன் என் எடையைச் சில நொடிகள் தாங்கும். இப்போது ஏறிய உடனே கால் கீழே போய்விடுகிறது. பிரீதர் முனையில் ஆயில் சொட்டியது. எஞ்சினைக் கட்டிய மெக்கானிக் ஸ்பார்க் பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ரிங் உட்காரல சார், அடுத்த சைஸ் போட்டுடலாம்" என்றார்.

ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பெரும்பாலும் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று நான்கு படிகளில்தான் வரும். ஒவ்வொரு போருக்கும் ஒரு படி போகிறது. நான்கும் தீர்ந்தால் சிலிண்டருக்குள் புது உட்குழாய், அதாவது ஸ்லீவ்தான் போட வேண்டும். உதிரிபாகமே கிடைக்காத எஞ்சினில் ஒரு படியை வீணாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. அளந்து பார்க்காமல் எதையும் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் கம்ப்ரஷன் கேஜ். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், திராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) முழுக்கத் திறந்திருக்க வேண்டும். திராட்டிலை மூடி வைத்துக்கொண்டு உதைத்தால் உள்ளே காற்றே போகாது, நல்ல எஞ்சினும் செத்த எஞ்சின் போலக் காட்டும். முள் மேலே ஏறுவது நிற்கும்வரை உதைக்க வேண்டும். கேஜின் ஒருவழி வால்வு பிளக் துளைப் பக்கத்து முனையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயின் மறுமுனையில் இருந்தால் குழாயின் உள்ளளவும் எரியறையோடு சேர்ந்துகொள்ளும், அளவு குறைவாகத்தான் வரும். சின்ன எஞ்சினில் இந்த வித்தியாசம் பெரியது. டேப்பட் இடைவெளியையும் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சந்து) முன்னதாகவே சரிபார்க்க வேண்டும். புது சீட்டில் வால்வு படியப்படிய அந்த இடைவெளி குறையும், ஒரு கட்டத்தில் வால்வு முழுக்க மூடாது. என் வண்டியில் டேப்பட் சரியாக இருந்தது. கேஜ் 65 பிஎஸ்ஐ காட்டியது.

அடுத்தது ஆயில் சோதனை. பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு, நாலைந்து முறை மெதுவாகச் சுற்றி, திரும்ப அளப்பது. கசிவு ரிங்கில் இருந்தால் ஆயில் அந்தச் சந்தை அடைத்து அளவைத் தூக்கிவிடும். எனக்கு 68தான் வந்தது. அந்த மூன்று பிஎஸ்ஐ, ஆயில் பிடித்துக்கொண்ட இடத்தால் மட்டுமே கூட வந்திருக்கலாம். அப்படியென்றால் ரிங் குற்றவாளி இல்லை. ஆனால் ரிங் நன்றாக இருந்தால் பிரீதரில் ஏன் ஆயில் வருகிறது? இரண்டு நாள் இந்தக் கேள்வியோடுதான் இருந்தேன்.

மூன்றாவதாகக் காற்று ஏற்றிப் பார்த்தேன். பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து, டாப் கியர் போட்டு, பின் பிரேக்கை ஒருவரை மிதித்துக்கொள்ளச் சொல்லி, பிளக் துளை வழியாகக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். இதைச் செய்யும்போது கிக்கர் பக்கம் கால் இருக்கவே கூடாது. கார்புரேட்டரில் சத்தம் வந்தால் இன்லெட் வால்வு, சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. இரண்டிலும் சத்தமில்லை. சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் சோப்பு நுரை தடவினேன், ஒரு குமிழி கூட எழவில்லை. பிரீதரில் மட்டும் உஸ்ஸென்று சத்தம். நல்ல ரிங்கிலும் கொஞ்சம் காற்று இறங்கத்தான் செய்யும், இது அதைவிட மிக அதிகம். மெக்கானிக் சொன்னதுதான் சரியோ என்று நெஞ்சு படபடத்தது. ராக்கர் மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைப் புஷ்ராட் போகும் துளைக்குள் காட்டினேன். அங்கே பிரீதரைவிடப் பலமான சீறல். மறுபடி ஆயில் விட்டுப் பார்த்தும் அது துளி கூடக் குறையவில்லை.

ஹெட்டைத் திறந்ததும் விஷயம் புரிந்தது. ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே அடைப்பாக வைக்கும் செம்பு கேஸ்கெட்டில், சிலிண்டர் துளையின் ஓரத்திலிருந்து புஷ்ராட் துளைவரை, தீக்குச்சி அகலத்தில் ஒரு கறுப்புக் கரிக்கோடு. மற்ற இடமெல்லாம் செம்பு பளபளவென்று இருந்தது. எரியும் வாயு அந்தக் கோட்டின் வழியாகப் புஷ்ராட் துளைக்குள் புகுந்து, கிராங்க் கேஸுக்கு இறங்கி, அங்கிருந்து ஆயிலைத் தள்ளிக்கொண்டு பிரீதர் வழியாக வெளியேறியிருக்கிறது. வெளிப்பக்கம் கசியாததால் சோப்பு நுரைக்கு அகப்படவில்லை. புஷ்ராட் குழாய் சிலிண்டர் வார்ப்புக்குள்ளேயே போகும் எஞ்சின்களில் இந்த இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள இடம் குறுகலானது, கேஸ்கெட் முதலில் தோற்பது அங்கேதான். வெளியே பார்க்க ரிங் போன மாதிரியே இருக்கும். கட்டுரையாளர் அதைத்தான் கவனிக்காமல் விட்டிருக்கிறார்.

ஏன் தோற்றது? ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்பை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) செருகினேன். மற்ற இடங்களில் 0.05 மில்லிமீட்டர் தகடு கூட நுழையவில்லை, அந்தக் குறுகலான இடத்தில் 0.10 தாராளமாக நுழைந்தது. அதோடு, பழைய செம்பு கேஸ்கெட்டையே பதப்படுத்தாமல் திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும், பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்காது. மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகிவிடும். இரும்பைப் போல, தண்ணீரில் போட்டால் செம்பு கெட்டியாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி ஆகாது. மேலே படியும் கறுப்புச் செதிலை மட்டும் நன்றாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

தடித்த கண்ணாடிப் பலகையில் எமரி பேப்பரை ஒட்டி, ஹெட்டை எட்டு வடிவில் தேய்த்துத் தேய்த்து முகத்தைச் சமமாக்கினேன். ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. சிலிண்டர் பக்கத்தில் ஸ்டட் (ஹெட்டைப் பிடித்திருக்கும் மரைக் கம்பி) துளைகளைச் சுற்றி உலோகம் மேலே எழும்பியிருக்கிறதா என்றும் பார்த்தேன், ஸ்டட்டை இறுக்கி இறுக்கி அப்படி எழும்புவது உண்டு. நட்டுகளைக் குறுக்காக, மூன்று சுற்றில், டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்கினேன். ஒருமுறை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி இறுக்கி, டேப்பட்டையும் திரும்ப வைத்தேன். போன தடவை யாரும் இந்த இரண்டாவது இறுக்கலைச் செய்யவில்லை.

இப்போது கேஜ் 110 காட்டுகிறது, பிரீதர் முனை காய்ந்திருக்கிறது. அதே ரிங், அதே பிஸ்டன், அதே போர்.

ரிங் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. ஆயில் சோதனையில் அளவு கிடுகிடுவென ஏறினால் ரிங்கைத்தான் பார்க்க வேண்டும். அப்போதும் முதலில் ரிங் தலைகீழாகப் போட்டிருக்கிறதா, வாய் இடைவெளி (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள சந்து) சரியா என்று பாருங்கள். 70 மில்லிமீட்டர் போருக்கு அது சுமார் 0.30 மில்லிமீட்டர் இருக்கலாம்.

கட்டுரையின் அந்த வரிக்கு ஒரு சிறு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கரிக்கோடு தெளிவாகத் தெரியும்படி எடுத்த கேஸ்கெட் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன், இடமிருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்