ஓகஸ்டில் வா, கரிபால்டி ஏரிக்குப் போவோம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குக் கல்கரியில் வேலை கிடைத்ததை அம்மாவிடம் சொன்னேன், "அவன்ர பெட்டை அவ்வளவு வளர்ந்திட்டாளோ" என்று கேட்டவர் அன்று முழுக்க உங்கள் வீட்டுக் கதைதான். எனக்கு இரவு வேலையை மாற்றிப் பகலில் போட்டுவிட்டார்கள், அதனால் மலைக்குப் போக மறுபடி தெம்பு வந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வன்கூவருக்கு வடக்கே மலையில் இருக்கும் கரிபால்டி ஏரியைப் பார்க்க யூனில் வருவதாக எழுதியிருக்கிறாய், வேண்டாம். ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில் உங்களுக்கு வேர்த்துக் கொட்டும் நேரத்தில் இங்கே மேலே பனி கிடக்கும், ஏரியும் பெரும்பாலும் உறைந்துதான் இருக்கும். பனியாறுகள் பாறையை மாவாக அரைத்து ஏரியில் கொண்டுவந்து கலப்பதால்தான் அந்தப் பச்சை கலந்த நீலம், அதைப் பார்க்காமல் திரும்பிப் போவதற்கு இவ்வளவு தூரம் பறந்து வரத் தேவையில்லை. ஓகஸ்ட் கடைசி, இல்லாவிட்டால் செப்டெம்பர் தொடக்கம்.

நீ அனுப்பிய படம் ஏரிக்கு மேலே உள்ள பனோரமா ரிட்ஜ் என்கிற மலைமுகட்டில் நின்று எடுத்தது. அதற்குப் போய்வர 30 கிலோமீற்றர், உன் முழங்காலுக்கு நான் பொறுப்பெடுக்க மாட்டேன். ஏரியோடு திரும்பினால் ஒரு பக்கம் 9 கிலோமீற்றர், ஏற்றம் ஏறத்தாழ 820 மீற்றர். ஏறுவதைப் பற்றி நீ பயப்படுகிறாய், எனக்கென்னவோ இறங்கும்போதுதான் உன் முழங்கால் கதைக்கும் என்று படுகிறது. இரண்டு ஊன்றுதடி என்னிடம் இருக்கிறது, பழகிய சப்பாத்தை மட்டும் நீ கொண்டு வா, புதிது வாங்காதே.

வன்கூவரிலிருந்து 99ஆம் நெடுஞ்சாலையில் ஸ்குவாமிஷ் தாண்டி, விஸ்லருக்கு முன்பே ரபிள் கிறீக் பக்கம் திரும்ப வேண்டும், நடைபாதை அங்கேதான் தொடங்குகிறது. முதல் 6 கிலோமீற்றரும் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏற்றம், பார்க்க மரத்தைத் தவிர ஒன்றுமில்லை, அங்கே நாங்கள் ஊர்க்கதை கதைக்கலாம், கரடிக்கும் சத்தம் கேட்டமாதிரி இருக்கும்.

அதற்கப்புறம் ஒரு கிளைப்பாதை பாரியர் என்கிற இடத்துக்குப் போகும். அதைத்தான் உனக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு. எரிமலைக் குழம்பு ஓடிவந்து, அப்போது பள்ளத்தாக்கை நிரப்பியிருந்த பனிப்பாளத்தில் முட்டி இறுகி நின்றுவிட்டது, பிறகு பனி உருகிப் போக 300 மீற்றர் உயரச் செங்குத்துச் சுவர் மிஞ்சியது. அந்தச் சுவர்தான் 250 மீற்றருக்கு மேல் ஆழமுள்ள ஏரியைப் பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீர் அதன் மேலால் வழிவதில்லை, அடியால் ஊறிக் கீழே ஊற்றாக வெளிவருகிறது. 1855-56 வாக்கில் ஒரு பகுதி இடிந்து சரிந்தது, இனியும் சரியலாம் என்று 1980இல் அரசு கீழே இருந்த ஊரையே காலி செய்ய வைத்தது. ஏரியைப் படம் எடுக்க ஓடுகிற சனம் இந்தச் சுவரை நின்று பார்ப்பதில்லை, எனக்கு அது எரிச்சல்.

ஆளில்லாத ஏரி என்று எழுதியிருக்கிறாய். வாகனம் போகாத ஏரி என்று வேண்டுமானால் சொல்லலாம். சனி ஞாயிறு திருவிழாதான், ஆகவே வார நாளில் போவோம், வெள்ளென வெளிக்கிட்டால் மேலே கொஞ்ச நேரமாவது நிம்மதியாக இருக்கலாம். கோடையில் பூங்காவுக்குள் போக அன்றைய நாளுக்கான பாஸ் வேண்டும், காசில்லை, இரண்டு நாள் முன்பு காலை 7 மணிக்குத் திறப்பார்கள், அதை நான் பார்க்கிறேன். நாயைக் கூட்டிக்கொண்டு வரும் யோசனையை விடு, அங்கே நாய்க்கு அனுமதியில்லை.

சாப்பாட்டுக்கு மீன் ரோல்ஸ் சுற்றித் தருவதாக இவள் சொல்கிறாள். மேலே சாம்பல் நிறக் குருவிகள் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும், கவனம். காற்றுக்கு ஒரு ஜாக்கெட் கட்டாயம், கீழே வெயில் எரித்தாலும்.

டிக்கெட் போடமுதல் திகதியை எனக்கு எழுது, அந்தக் கிழமை லீவு கேட்க வேண்டும். மச்சாளையும் கேட்டுப் பார், அவ உன்னைவிட நன்றாக நடப்பா.

அன்புடன்,
உன் மச்சான்