ஏரியையும் போர்வெல்லையும் ஒரே கணக்கில் கொண்டுவரக் கோரி மனு

அனுப்புநர்:
கிணற்றுப் பாசன விவசாயி ஒருவர்,
தமிழ்நாடு.

பெறுநர்:
மாண்புமிகு மத்திய ஜல்சக்தித் துறை அமைச்சர் அவர்கள்,
புதுதில்லி.

பொருள்: ஏரி, ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவருவதும் வரத்துக் கால்வாய்களைக் கணக்கெடுப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் அப்பா வெட்டிய கிணறு 45 அடி. நான் நீச்சல் பழகியது அதில்தான். இன்று அதன் அடியில் சீமைக் கருவேலம் முளைத்திருக்கிறது. பக்கத்திலேயே 750 அடிக்கு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டிருக்கிறேன். மாசி பிறந்தால் அதுவும் விட்டு விட்டுத்தான் எடுக்கிறது.

மழை இல்லாமல் போனதால் மட்டும் இப்படி ஆகவில்லை. போன ஐப்பசியில் நல்ல மழை. ஆனால் வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடந்ததால் தண்ணீர் ஏரிக்கு வராமல் ரோட்டில் ஓடி வீணாகப் போய்விட்டது. ஏரியில் தண்ணீர் நின்றால்தான் கிணறு ஊறும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோப்புகளில்தான் இரண்டும் வேறு வேறு தண்ணீராக இருக்கின்றன.

ஆற்று நீரைப் பார்க்கும் மத்திய நீர் ஆணையத்தையும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தையும் இணைத்து ஒரே தேசிய ஆணையம் அமைக்கச் சொல்லி, மத்திய அரசு அமைத்த மிகிர் ஷா குழு 2016-லேயே பரிந்துரைத்தது. அது இன்னும் நடக்கவில்லை.

2023-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாம் எடுத்த நிலத்தடி நீர் சுமார் 241 பில்லியன் கன மீட்டர். அதில் 87 சதவீதம் பாசனத்துக்குப் போகிறது. இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓட்டும் எனக்கும் இதில் பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆண்டுக்கு எடுக்கத்தக்க நிலத்தடி நீரில் நாடு முழுக்கச் சராசரியாக எடுப்பது 59 சதவீதம்தானே என்று இருந்துவிடவும் முடியாது. பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் ஊறுவதைவிட இறைப்பது அதிகம். மதிப்பிட்ட 6,553 பகுதிகளில் 736 பகுதிகள் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை. பிரம்மபுத்திராப் பக்கம் மிச்சமிருக்கும் தண்ணீர் இங்கே யார் கிணற்றிலும் ஊறாது.

அதனால் மேற்படி பரிந்துரையை நிறைவேற்றி, ஒவ்வொரு ஆற்றுப் படுகைக்கும் ஏரி, ஆறு, போர் எல்லாம் சேர்ந்த ஒரே வரவு செலவுக் கணக்கு போட வேண்டுகிறேன். 2023-ல் வெளியான முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு 24,24,540 நீர்நிலைகளைப் பதிவு செய்து, 38,496 இடங்களில் ஆக்கிரமிப்பு இருப்பதையும் காட்டியது. நல்ல வேலை. அதேபோல வரத்துக் கால்வாய்களையும் ஒவ்வொன்றாக அளந்து, எல்லைக்கல் நட வேண்டும். கரை, மதகு, உபரி நீர் வழியும் கலிங்கு எல்லாம் சரியாக இருந்தும் கால்வாய் அடைத்துவிட்டால் ஏரி வெறும் மைதானம்தான்.

தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பது தெரியும். ஆனால் ஏரிச் சீரமைப்புக்கு மத்திய நிதி தரும்போது, முதலில் கால்வாயைத் தூர்வார வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம் அல்லவா? அப்புறம், எங்கள் பகுதிக் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதாமாதம் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடச் செய்யுங்கள். அதைப் பார்த்துத்தான் நெல்லா, கம்பா என்று நாங்கள் முடிவு செய்ய முடியும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இந்த மனு மீது நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: கிணறு, தூர்ந்த வரத்துக் கால்வாய் ஆகியவற்றின் புகைப்படங்கள்.