பூசம்தோறும் அரை மணி நேரம்: சன்மார்க்க சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஊர்தோறும் வள்ளலார் பெருமானார் பெயரில் சங்கம் நடத்திவரும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வந்தனம்.

மாதப் பூசத்தன்று அவர் பாடிய அருட்பெருஞ்ஜோதி அகவல் பாராயணம், ஜோதி வழிபாடு, அன்னம் பாலிப்பு எல்லாம் குறைவில்லாமல் நடக்கின்றன. நடுவில் ஒரு பிள்ளை எழுந்து, "உருவ வழிபாடு வேண்டாம் என்கிறோமே, பெருமானார் படத்துக்கு மட்டும் எதற்குக் கற்பூரம்?" என்று கேட்டால், "அனுபவத்தில் விளங்கும், உட்காருப்பா" என்று முடித்துவிடுகிறோம். அடுத்த பூசத்துக்கு அந்தப் பிள்ளை வருவதில்லை.

1873 அக்டோபர் 22-ல் வடலூர் அருகே மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடி கட்டிய அன்று பெருமானார் என்ன சொன்னார்? சைவத்தில் முன்பு தமக்கு இருந்த லட்சியத்துக்கு அளவில்லை, அதற்குத் தாம் பாடிய ஸ்தோத்திரங்களே சாட்சி, அப்போது தமக்கிருந்தது அற்ப அறிவு என்றார். அந்த மாதம்தான் அவருக்கு 50 வயது நிறைந்திருந்தது. ஊரே கொண்டாடிய தம் பாட்டைத் தாமே மறுபரிசீலனை செய்தவர் பெயரில் சங்கம் வைத்துக்கொண்டு கேள்விக்கு அஞ்சலாமா? ராகாதிகளாகிய, அதாவது ஆசை முதலானவையாகிய, பச்சைத் திரையை விசாரம் (ஆராய்ந்து தேடுதல்) என்னும் அதி உஷ்ணத்தால்தான் நீக்க முடியும் என்றதும் பேருபதேசம் எனப்படும் அன்றைய உரையில்தான்.

நாங்கள் கேட்பது பாராயணத்துக்குப் பின் கேள்விக்கென்று அரை மணி நேரம். ஒரு பூசத்துக்கு ஒரே கேள்வி போதும். அதை முந்தைய பூசத்திலேயே பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள். அப்போதுதான் படித்துவிட்டு வருவார்கள். தலைவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. மைக் வேண்டவே வேண்டாம், மைக் கையில் வந்தால் கேள்வி சொற்பொழிவாகிவிடும்.

சான்று சொல்பவர் அதை எந்தக் கூடையில் போடுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெருமானாரே எழுதியது ஒரு கூடை: பாடல்கள், கடிதங்கள், விண்ணப்பங்கள். கேட்டவர்கள் குறித்து வைத்தது இன்னொன்று. பேருபதேசமே இதில்தான் சேரும், நமக்கு எவ்வளவு உயிரானாலும். மூன்றாவது, செவிவழி வந்தது. அவரைப் புகைப்படம் எடுத்தபோது உடல் தெரியாமல் ஆடை மட்டும் படத்தில் விழுந்தது என்ற கதையை இங்கே வையுங்கள். வாட்ஸ்அப்பில் அவர் பெயரோடு சுற்றும் பொன்மொழிகளுக்கு இந்தக் கூடையில்கூட இடமில்லை.

அதிகம் சறுக்குவது பாடல் மேற்கோளில்தான். ஒற்றியூரிலும் தணிகை முருகன் மீதும் பாடிய பழைய பாடலை எடுத்துவந்து "இதுதான் சுத்த சன்மார்க்கம்" என்பார் ஒருவர். பிற்காலப் பாடல்கள் அடங்கிய திருவருட்பா ஆறாம் திருமுறையைக் காட்டி மறுப்பார் இன்னொருவர். இரண்டும் அவர் வாக்குதான், காலம் வேறு. பாட்டைச் சொல்லும்போதே எந்தத் திருமுறை, எந்தப் பதிகம் என்று கேட்டுவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீரும். வெறும் பாடல் எண்ணை நம்பாதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு மாறும். முதல் அடியை எழுதச் சொல்லுங்கள்.

முடிவு எட்டவில்லையென்றால் நோட்டில் "நிலுவை" என்று எழுதி மூடிவிடுங்கள். கைதூக்கி வாக்கெடுத்துத் தீர்க்கிற விஷயமல்ல இது. "பெருமானாரை இராமலிங்கசாமி என்று அழைக்கலாமா?" என்பது சுலபமான கேள்வி. அப்படி வழங்குவிப்பது தமக்குச் சம்மதமில்லை, ஆரவாரத்துக்கு அடுத்த பெயர் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். முதல் கூடையிலேயே விடை கிடைத்துவிடும். வடலூர் ஞானசபைக்குள் தூசி துடைப்பவர் 12 வயதுக்கு உட்பட்டவராகவோ 72 வயதுக்கு மேற்பட்டவராகவோ இருக்க வேண்டும் என்று 1872-ல் விதித்தாரே, அது ஏன்? அது பல பூசங்களுக்கு நிலுவையில் கிடக்கலாம், கிடக்கட்டும்.

எதில் தொடங்குவது என்று யோசித்தால், சமையற்கட்டில் தொடங்குங்கள். ஜீவகாருண்யத்தில் முதன்மையாக அவர் சொன்னது பசி தீர்த்தல். 1867-ல் வடலூர் தருமச்சாலையில் அன்னதானத்துக்கு மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. நம் பந்தியில் போன பூசத்தன்று உட்கார்ந்தவர்களில் உண்மையிலேயே பசித்து வந்தவர் எத்தனை பேர், வீட்டில் சமையல் இருந்தும் பிரசாதம் என்று வந்தவர் எத்தனை பேர், இலையில் மிச்சம் வைத்தவர் எத்தனை பேர்? அடுத்த பூசத்தில் பரிமாறுகிறவர்களை எண்ணிவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சன்மார்க்க அன்பர்கள் சிலர்