ஒரு ஆட்டத்துக்கு ஒரு பட்டம் தாருங்கள்

விசுவமடு,
பெப்ரவரி 2025

உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் நிர்வாகத்துக்கும் ஃப்ரீஸ்டைல் செஸ் அமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் அறிக்கைப் போரை உங்களுக்கே திருப்பிச் சொல்லத் தேவையில்லை. பின்வரிசைக் காய்களைக் கலைத்து அடுக்கி ஆடும் செஸ்ஸுக்கு, ஃப்ரீஸ்டைல் என்றும் 960 என்றும் சொல்லும் அந்த ஆட்டத்துக்கு, ‘உலக சம்பியன்ஷிப்’ என்று யார் போடலாம் என்பதில் தொடங்கியது, வீரர்களிடம் கையெழுத்துக் கேட்கும் அளவுக்குப் போனது. ஜேர்மனியில் ஃப்ரீஸ்டைல்காரர் நடத்திய வைசன்ஹவுஸ் போட்டிக்குச் சற்று முன்னர் அந்தச் சொல் கைவிடப்பட்டது. பட்டம் யாருடையது என்பது மட்டும் தீரவில்லை. அது தீராததால் இங்கே ஒரு பிள்ளையின் சான்றிதழ் திரும்பி வந்திருக்கிறது.

எங்கள் சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் செஸ் சொல்லிக் கொடுக்கிறேன். வசதியுள்ள பிள்ளைகளுக்கு ஆரம்ப நகர்த்தல்கள் எல்லாம் மனப்பாடம். எங்கள் பிள்ளைகள் அந்த இடத்திலேயே தோற்றுவிடுவார்கள். 960இல் அந்த மனப்பாடம் செல்லாது. தாயக்கட்டையை உருட்டுவோம். ஒன்று முதல் நாலு வரை விழுந்தால் வெள்ளைக் கட்டத்து பிஷப்புக்கு இடம். ஐந்தோ ஆறோ என்றால் திரும்ப உருட்டல், கூடவே கூச்சல். கறுப்புக் கட்டத்து பிஷப்புக்கும் அப்படியே. மிஞ்சிய ஆறு கட்டங்களில் இராணி, பிறகு குதிரைகள். கடைசி மூன்றில் நடுவே ராஜா, இருபுறமும் கோட்டை. எதிராளிக்கும் அதே வரிசைதான். அதற்குப் பிறகு புத்தியுள்ளவர் வெல்லட்டும்.

அப்படி நடந்த ஊர்ப் போட்டியில் முதலிடம் வந்த உயர்தர மாணவி, சான்றிதழை ஒரு விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தாள். “இதுக்கு உலக சம்பியன் ஆர் பிள்ளை?” என்று கேட்டிருக்கிறார்கள். 2022இல் ரெய்க்யவிக்கில் வென்ற நகமுரா என்றாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் போனில் தேடிப் பார்த்துவிட்டு, “இப்ப இதிலை சண்டையெல்லோ நடக்குது, முதல்லை அவையள் முடிவெடுக்கட்டும்” என்று கோப்பைத் திருப்பி நீட்டினாராம். எனக்கு அவரில் பாதிக் கோபம்தான். மீதி உங்களுக்கு.

ஆகவே கேட்கிறேன்: இரு தரப்பும் இருந்து பேசி, இந்த ஆட்டத்துக்கு ஒரே பெயரையும் ஒரே உலகப் பட்டத்தையும் எழுத்தில் தாருங்கள்.

ஃபிடே 2019இல் பட்டத்தைத் தொடங்கியது. இறுதியாட்டத்தில் வெஸ்லி சோ, அப்போது செஸ் உலக சம்பியனாயிருந்த கார்ல்சனை 13.5–2.5 என்று மடக்கினார். 2022க்குப் பிறகு, இந்த 2025 பெப்ரவரி வரை, போட்டியே இல்லை. நடத்தாத பட்டத்துக்கு உரிமை மட்டும் கேட்பது என்ன நியாயம்? ஃப்ரீஸ்டைல்காரருக்கும் ஒரு கேள்வி: கையில் காசும் பக்கத்தில் கார்ல்சனும் இருந்தால் உலகப் பட்டம் சூட்டும் அதிகாரமும் வந்துவிடுமா? இதற்கெல்லாம் முன்னர் ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் ஸ்விட்லரும் அரோனியனும் வென்ற 960 பட்டங்கள் என்ன கணக்கு?

இது உங்களுக்குப் பழகிய வியாதிதானே. 1993இல் உலக சம்பியன் கஸ்பரோவும் அவரோடு மோதவிருந்த ஷோர்ட்டும் ஃபிடேயை விட்டுப் பிரிந்து போனார்கள். இரண்டான செஸ் உலகப் பட்டம் மறுபடி ஒன்றாக 2006 ஆயிற்று. இடையில், 2000இல், எங்கட ஆனந்த் ஃபிடே பட்டத்தை வென்றார். அதே வருடம் கஸ்பரோவை வென்ற கிராம்னிக்தான் அசல் சம்பியன் என்று வாதாடவும் ஆட்கள் இருந்தார்கள். கோயில் நிர்வாகம் இரண்டுபட்டு, ஒரே சாமிக்கு இரண்டு கொடியேற்றம் வைத்த கதை. வழக்குப் பேச ஆள் நிறைய. தேர் இழுக்கத்தான் ஆளில்லை.

மன்னிக்கவும், கதை எங்கேயோ போய்விட்டது. தயவுசெய்து ஒரே பெயர், ஒரே பட்டம். முடிவை அறிவிக்கும்போது, எந்த வருடம் யார் சம்பியன் என்ற பட்டியலையும் ஒரு பக்கத்தில் முத்திரையோடு போட்டுவிடுங்கள். அச்செடுத்து அந்த விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுப்போம். கடைசித் திகதி பங்குனி முடிவு.

இப்படிக்கு,
ஒரு சனசமூக நிலையத்துச் செஸ் பயிற்றுநர்