தக்கையைக் கழற்றாமல் மழையில் ஊறவைத்த என் ஃபைபர் படகு: இழப்பீடு கோரும் புகார்

பெறுநர்: நிர்வாகி, வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம், கிள்ளான்
அனுப்புநர்: பி பேக்கேஜ் வாடிக்கையாளர், ஊத்தான் மெலிந்தாங், பேராக்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பெர்னாம் ஆற்றோரம் உள்ள உங்கள் யார்டில், பின்வரிசையில், செம்பனை மரங்களை ஒட்டி நிற்கும் என் 16 அடி ஃபைபர் படகைப் பற்றியது இக்கடிதம். மாத வாடகைக்குப் படகைப் பாதுகாப்பாக நிறுத்திவைக்கும் உங்கள் பி பேக்கேஜில்தான் அதை ஒப்படைத்தேன். புலனத்தில் எழுதினேன், நீல டிக் விழுந்ததோடு சரி. கிளையைக் கேட்டால் தலைமை அலுவலகம் என்கிறார்கள், தலைமை அலுவலகத்தைக் கேட்டால் கிளை என்கிறார்கள். வேலை அட்டை உங்கள் கையில் இருக்கிறது. பி பேக்கேஜில் என்னென்ன அடக்கம் என்று உங்களுக்கே நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதன் நான்காவது விதியை மட்டும் தயவுசெய்து ஒருமுறை படித்துப் பாருங்கள். மூக்கு உயர்த்தி நிறுத்தப்படும், தண்ணீர்த் தக்கை (உள்ளே தேங்கும் நீரை வெளியேற்றும் துளையின் மூடி) கழற்றப்படும், மாதந்தோறும் சோதிக்கப்படும் என்று எழுதியிருப்பது நீங்கள்தான்.

மூக்கை உயர்த்தினார்கள், அதில் குறையில்லை. தக்கையைக் கழற்றாமல் உயர்த்தியதுதான் கொலை. விழுந்த மழையெல்லாம் சறுக்கிக்கொண்டு பின்னால் வந்து டிரான்சத்தில், அதாவது இயந்திரம் மாட்டும் பின்சுவரில், தேங்கும், வெளியே போக வழியில்லை. நீலத் தார்ப்பாய் போட்டிருந்தோமே என்கிறார் கிளை மேலாளர். நடுவில் முட்டுக்கட்டை கொடுத்துக் கூரைபோல் சரிவாகக் கட்டாத தார்ப்பாய், தொட்டியாகத்தான் மாறும். நம் வெயிலில் அந்த மலிவு பிளாஸ்டிக் சில மாதங்களிலேயே நூல் நூலாகக் கிழியும். கிழிந்தபின் கணக்கு போட்டுப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். படகின் வாய் சுமார் 6 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் கொட்டினால் 300 லிட்டர், அதாவது 300 கிலோ. இரண்டு மழைக்காலம் இப்படி நின்றிருக்கிறது. படகு உட்கார்ந்திருந்ததோ கீலுக்கு (அடிப்பாகத்தின் நடுமுதுகுக்கு) அடியில் கட்டையே இல்லாமல், இரண்டு பழைய லாரி டயர் மேல். எடை கீலில் இறங்க வேண்டும், பக்கத் தாங்கிகள் சாயாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. டயர் அழுத்திய இடத்தில் அடிப்பாகம் உள்வாங்கியிருக்கிறது. நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரிகிறது. அந்தப் பள்ளத்தோடு ஓடும் படகு, வேகம் எடுத்ததும் மூக்கை அமுக்கும்.

உங்கள் மாதாந்திரச் சோதனை அட்டையில் ஒவ்வொரு மாதமும் ‘தக்கை: சரி’ என்று டிக். ஆனால் பித்தளைத் தக்கையின் தலையையும் மரை ஓரத்தையும் சேர்த்துப் பச்சைக் களிம்பு ஒரே படலமாக மூடியிருந்தது. ஸ்பேனர் போட்டபோதுதான் அந்தப் படலம் முதன்முறையாக உடைந்தது. உட்சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக அழுக்கு நீர்க்கோடுகள். திருகியதும் தேத்தண்ணி நிறத்தில் கொட்டியது. அதில் கொசுப்புழு நெளிந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி அந்தக் கிள்ளான் முகப்பிடத்து இளைஞரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மேலாளர் நேரில் பார்ப்பார் என்று உங்கள் ஆள் போனில் உறுதி சொன்னதால்தான் ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் சபாக் பெர்னாம், கோலசிலாங்கூர் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டினேன். மேலாளர் விடுப்பாம். அதுகூடப் பரவாயில்லை. போனிலிருந்து தலையைத் தூக்காமலே அந்தப் பையன் சொன்னது: “மழ பேஞ்சா நனையத்தான் செய்யும் அங்கிள், நாங்க என்ன கொட புடிக்கவா முடியும்? பழைய படகு, அப்படித்தான் லா.” குடை பிடிக்கத்தான் மாதம் 180 ரிங்கிட் வாங்குகிறீர்கள், தம்பி! அரை நிமிட வேலை, ஒரு தக்கை. இதைச் சொன்னவருக்குப் படகு கம்பெனியில் என்ன வேலை? பெயர் அட்டையைத் திருப்பி மாட்டியிருந்தார். கண்காணிப்புக் கேமராவில் பார்த்தால் யாரென்று உங்களுக்கே தெரியும்.

பழைய படகு என்ற பேச்சுக்கு வருகிறேன். ஃபைபர் வயதாகி மக்காது. மக்குவது அதற்குள் இருக்கும் பிளைவுட். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணம் தின்னத் தொடங்கும். உப்புத் தண்ணீரில் ஓடும் படகைவிட, மழைத் தண்ணீர் தேங்கிய படகு சீக்கிரம் மக்குவது இதனால்தான், உப்பு பூஞ்சணத்துக்கு ஆகாது. டிரான்சத்துக்குள் நீர் எப்படிப் போனது? உங்கள் பட்டறை இயந்திரத்தின் போல்ட்டுகளை மாற்றியபோது குளியலறைக்குப் பூசும் சிலிகோனை அப்பியிருக்கிறது. அது விரலால் உரித்தாலே வருகிறது. தக்கைக் குழாயின் விளிம்பிலும் அதே சிலிகோன். பின்னால் மாதக்கணக்கில் தேங்கி நின்ற நீர் அந்த இடுக்கு வழியாகவே பலகைக்குள் ஊறியது.

சுத்தியலின் பிளாஸ்டிக் பிடியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் விளிம்பில் ‘டக்’ என்று கேட்கும், போல்ட்டுகளுக்குக் கீழே ‘பொத்’தென்று செத்த சத்தம். உள்பக்கம் 5 மில்லிமீட்டர் துளை போட்டால் காய்ந்த மரத்தூள் வர வேண்டும். வந்தது கறுத்த ஈரக் கூழ். இயந்திரத்தின் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் டிரான்சமே கூட ஆடுகிறது, மூலைகளில் மயிரிழை வெடிப்பு. எழுபது கிலோ எடை இயந்திரத்தை இதில் மாட்டி ஆற்றில் முடுக்கினால் பின்பக்கம் பிளந்து ஆள் போயிருப்பார். அந்த உயிருக்கு யார் பொறுப்பு? உங்கள் நிறுவனத்தின் மீது எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

இயந்திரத்தையும் விட்டுவைக்கவில்லை. 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக். கழற்றி நேராக நிறுத்தி, நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டு, கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்து, ஸ்பார்க் பிளக் துளைகளில் எண்ணெய் விட்டு வைக்க வேண்டும். நீங்கள் படகிலேயே தூக்கி மடக்கி விட்டுவிட்டீர்கள். மடக்கி நிற்கும் காலில் மழை புரொப்பெல்லர் நடுவழியே புகைக்குழாய்க்குள் இறங்கி நிற்கும். குளிர்நீர் பீச்சும் துளையில் மண்குளவி கூடு கட்டியிருக்கிறது. கியர் எண்ணெய் பால்போல் வெளுத்து வருகிறது, அதாவது சீல் போய் உள்ளே தண்ணீர். பிஸ்டன் இறுகிவிட்டது. இந்த நிலையில் உங்கள் பட்டறை ஆள் கயிற்றைப் பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தாராம்! இனி யாரும் அதைத் தொட வேண்டாம். துளைகளில் ஊடுருவும் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவைத்து, பிறகு ஃப்ளைவீலைக் கையால் மெதுவாக, இயந்திரம் சுற்றும் திசையில் மட்டும் அசைக்க வேண்டும்.

நான் கேட்பது இதுதான். டிரான்சத்தைப் புட்டி பூசி, பெயின்ட் அடித்து மறைக்கும் வேலை வேண்டாம். உள்தோலை வெட்டியெடுத்து, காய்ந்த மரம் தெரியும்வரை மக்கியதை அகற்றி, பிஎஸ் 1088 தரக் கடல் பிளைவுட் 18 மில்லிமீட்டரில் இரண்டு, எப்பாக்சியால் ஒட்டி, ஓரங்களை எல்லாம் எப்பாக்சியால் அடைத்துப் போட வேண்டும். பழைய ஃபைபரோடு சேரும் இடத்தை அதன் தடிப்பைப்போல் 12 மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். போல்ட் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, எப்பாக்சி நிரப்பி, அதன் நடுவில் மறுபடி துளைத்தால்தான் போல்ட் மரத்தைத் தொடாது. போல்ட்டைச் சுற்றி நீர் புகாமல் அடைக்கும் பசை பொலியூரிதேனாக இருக்க வேண்டும், சிலிகோன் கூடாது. தரைக்கு அடியில் உள்ள ஃபோம் நீர் குடித்திருக்கிறதா என்றும் வெட்டிப் பார்க்க வேண்டும்.

இதோடு இயந்திரச் செலவு, இதுவரை கட்டிய வாடகை, இரண்டு பருவ ஊடாங் காலா (பெரிய ஆற்று இறால்) வருமானம், மன உளைச்சல் எல்லாம் சேர்த்து 49,000 ரிங்கிட். உண்மையில் என் வாழ்நாள் உழைப்பையே அழித்துவிட்டீர்கள், லட்சம் கேட்டாலும் தகும். பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 வரைதான் விசாரிக்கும் என்பதால் குறைத்திருக்கிறேன். அங்கே வழக்கறிஞர் வேண்டியதில்லை, முதலாம் எண் படிவமும் 5 ரிங்கிட்டும் போதும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. குடை பிடிக்க முடியாது என்பதை அங்கே வந்து சொல்லட்டும் அந்தத் தம்பி. கொசுப்புழுப் படங்கள் சுகாதார அலுவலகத்துக்குப் போனால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் கதை வேறு. அப்படியெல்லாம் செய்ய எனக்கு ஆசையில்லை. பேசித் தீர்க்கலாம், தயவுசெய்து.

14 நாளில் எழுத்து மூலமான பதில் வேண்டும், பொறுப்பான அதிகாரியின் கையெழுத்தோடு. “பார்க்கிறோம் அங்கிள்” என்ற குரல் பதிவு பதிலாகாது. அதுவரை படகை நகர்த்தவோ கழுவவோ வேண்டாம், என் மெக்கானிக்கும் நானும் இல்லாமல் துளைகளை மூடவும் வேண்டாம்.

இப்படிக்கு,
படகின் உரிமையாளர்

பி.கு.: இதை எழுதி முடிக்கும்போது இந்த மாத வாடகை பில் வந்திருக்கிறது, ‘தார்ப்பாய் மாற்றும் கட்டணம் 60 ரிங்கிட்’ சேர்த்து. கட்டமாட்டேன்.