‘வாயைக் கட்டுங்க’ என்பது சிகிச்சை அல்ல: நம் மாவட்ட சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட சுகாதார அலுவலர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவம் பணியில் இருக்கும் செவிலியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

வீடு தேடி மாத்திரை வரும் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று சூளகிரி பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அன்றிலிருந்து பிரஷரும் சுகரும் வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கப்படுகின்றன. ஆனால் அளவு ஏறியிருந்தால் சொல்லப்படும் உணவு ஆலோசனை பெரும்பாலும் அந்தப் பழைய ஆலோசனைதான்: “சோத்தைக் குறைங்க, ஸ்வீட்டைத் தொடாதீங்க, வாயைக் கட்டுங்க.” பலருக்கு இது போதும். ஆனால் ஒரு சாராருக்கு இதே பேச்சு நோயைக் கிளறிவிடுகிறது. அவர்களுக்காகவே இந்த மடல்.

கட்டுப்பாடு இழந்து அளவுக்கு மீறிச் சாப்பிடுவது தனி நோய் என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வரையறை நூல் 2013இல் ஏற்றுக்கொண்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இடம்பெற்றிருக்கிறது. கல்யாணப் பந்தியில் ஒரு பிடி பிடிப்பதையும் கிடா விருந்தில் வயிறு முட்டத் தின்பதையும் இதில் சேர்க்க முடியாது. குறுகிய நேரத்தில், ஏறக்குறைய 2 மணி நேரத்துக்குள், மற்றவர்கள் சாப்பிடுவதைவிட வெகு அதிகமாகச் சாப்பிட வேண்டும். நிறுத்த நினைத்தும் முடியாமல் போக வேண்டும். வாரம் ஒரு முறையாவது, 3 மாதம் தொடர வேண்டும். இவற்றோடு அவசர அவசரமாக விழுங்குவது, பசியில்லாமல் தின்பது, வயிறு வலிக்கும்வரை தின்பது, வெட்கத்தால் ஒளிந்து தின்பது, பிறகு தன்மேலேயே அருவருப்பு கொள்வது ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். ‘உணவு அடிமைத்தனம்’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது இன்னும் அதிகாரப்பூர்வ நோய்ப் பெயராகவில்லை. அதை அளக்க யேல் பல்கலைக்கழகத்தார் 2009இல் ஒரு வினாத்தாள் வெளியிட்டார்கள். பெயர்ச் சண்டையை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் அவதி நிஜம்.

இதைக் கேட்டால் ஒழியத் தெரிந்துகொள்ள முடியாது. ஒல்லியானவர்களுக்கும் இது வரும், ஆகவே எடை மிஷின் காட்டிக்கொடுக்காது. வீட்டார் சுற்றி நிற்கும்போது யாரும் வாய் திறக்கவும் மாட்டார்கள். தனியாக இரண்டே கேள்விகள் கேளுங்கள்: “சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்த முடியாத மாதிரி எப்பவாவது ஆகுதுங்களா?” “யாருக்கும் தெரியாம சாப்பிடறது உண்டுங்களா?” இரண்டுக்கும் ஆமாம் என்றால் மூன்றாவதாக, சாப்பிட்டதைச் சரிக்கட்ட வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, பட்டினி கிடப்பது உண்டா என்று கேட்க வேண்டும். வாந்தியும் பேதியும் இருந்தால் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். அவரை அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

சர்க்கரை நோயாளியிடம் வேறொரு சோதனையை முதலில் முடிக்க வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை போடுபவரோ இன்சுலின் ஏற்றுபவரோ, “ராத்திரி ரெண்டு மணிக்குக் கை நடுங்குது, வேர்க்குது, கண்டதையும் அள்ளித் தின்னுடறேன்” என்றால் அது நாக்கின் குற்றமாக இருக்காது. பெரும்பாலும் சர்க்கரை இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் அளவு பார்க்கச் சொல்லுங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தவறு நடப்பது அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான். நடுக்கம் அடங்கும்வரை கை போய்க்கொண்டே இருக்கும். மிக்சர், பிஸ்கட் என்றால் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதையும் தாமதமாக்கும். இவரிடம் போய் “வாயைக் கட்டுங்க” என்றால் இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போடுவார். மாற்ற வேண்டியது மருந்தின் அளவு. அது மருத்துவரின் வேலை. அதேபோல் ஸ்டீராய்டு, மனநோய்க்கும் வலிப்புக்கும் தரப்படும் ஓலான்சபின், வால்ப்ரோயேட் போன்ற மருந்துகளும் பசியைத் தூண்டும். மருந்துச் சீட்டைப் பார்க்காமல் உணவு ஆலோசனை சொல்ல வேண்டாம்.

இனி முக்கியமான இடம். ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு பெண்ணின் உணவு நோட்டு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“மத்தியானம் 1.30: எழுந்தேன். காலைல நிறைய தின்னதால சாப்பிடல. 5.00: டீ, பிஸ்கட் 2. 8.30: ஒரு தோசை. ராத்திரி 1.00: கேண்டீன்ல எல்லாரும் சாப்பிட்டாங்க, டீ மட்டும். காலை 7.50: வீட்ல யாருமில்ல. அரைக் கிலோ மிக்சர்ல முக்கால்வாசி, மீதி சோறு, பையனோட கேக். நின்னுட்டே. கால் மணி நேரம்.”

வீட்டார் 7.50ஐ மட்டும் பார்த்துத் திட்டுவார்கள். அது தொடங்கியதோ முந்தின நாள் மதியம் 1.30க்கு. பட்டினியும் தூக்கக் கேடும் சேர்ந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும், போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கும். 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றோடு வைத்திருந்தார்கள். பிறகு இஷ்டம்போல் சாப்பிட விட்டபோது, வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் சிலர் தின்றுகொண்டே இருந்தார்கள். அவர்களில் யாரும் நாக்கு நீண்டவர்களாக அங்கே வந்தவர்கள் அல்ல.

ஆகவே முதல் மருந்து, குறைப்பதல்ல. வேளை தவறாமல் சாப்பிட வைப்பது. மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு சிறு தீனியும், விழித்திருக்கும் நேரத்தில் எந்த இடைவெளியும் 4 மணி நேரத்தைத் தாண்டாமல். பகலில் இருப்பவருக்கு 7.30, 10.30, 1.30, 4.30, 8.00 சரியாக வரும். இரவு ஷிப்ட் என்றால் கிளம்பும் முன் முழுச் சாப்பாடு, ஒரு மணிக்குக் கேண்டீனில் அளவாக, விடியற்காலையில் ஒரு சிறு தீனி, வீடு திரும்பியதும் இரண்டு இட்லி சாப்பிட்டுத் தூக்கம், எழுந்ததும் மதியச் சாப்பாடு, மாலையில் இன்னொரு சிறு தீனி. ஒவ்வொரு வேளையிலும் முட்டையோ கொள்ளோ அவரையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ இருக்கட்டும். “களி தின்னா சுகர் ஏறாது” என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. 100 கிராம் ராகியில் சுமார் 67 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நார்ச்சத்து சுமார் 11 கிராம் இருப்பதுதான் அதன் பலம். உருண்டை ஒன்று, கீரைக் கடைசலோ பருப்போ தாராளமாக என்றால் நல்லது. மூன்று உருண்டை என்றால் அரிசியை விட்டதில் பிரயோசனம் இல்லை.

அளவு மீறிவிட்ட மறுநாளில்தான் சிகிச்சை நிற்குமா விழுமா என்பது தெரியும். அடுத்த வேளையை விடக் கூடாது. “நேத்து தின்னதுக்கு இன்னிக்கு விரதம்” என்று தொடங்கினால் மூன்றாம் நாள் மறுபடி அதே கதை. கிருத்திகை, சனிக்கிழமை விரதங்களையும் சில மாதம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. நோட்டில் நேரம், என்ன, எங்கே, மனசு எப்படி இருந்தது என்ற நான்கை அப்போதைக்கப்போதே எழுத வேண்டும். ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் பாதி மறைந்துவிடும். கலோரிக் கணக்கு வேண்டாம், அது நோட்டைத் தண்டனையாக்கிவிடும். எடையும் வாரத்துக்கு ஒரு முறை போதும்.

பண்டத்தை அடியோடு விலக்குவதா, அளவோடு வைத்துக்கொள்வதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. எங்கள் முடிவு இது: முதல் ஆறு வாரம் கைமீறும் பண்டங்கள் வீட்டில் இருக்க வேண்டாம். அரைக் கிலோ பாக்கெட் வாங்குவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது; 100 கிராம் மிக்சரே 500 கலோரியைத் தொடும். பிறகு ஒவ்வொன்றாக, வயிறு நிறைந்த வேளையில், தட்டில் போட்டு, உட்கார்ந்து, யாரோடாவது சாப்பிட்டுப் பழக வேண்டும். காலத்துக்கும் தடை என்று வைத்தால், தடை உடையும் நாளில் பாக்கெட்டே காலியாகும்.

ஆசை எழும்பினால் அது ஏறி, உச்சிக்குப் போய், பெரும்பாலும் அரை மணிக்குள் தானாகவே இறங்கும். அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்காமல் செய்யக்கூடிய ஐந்து வேலைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். ‘மனசைத் திருப்பு’ என்று மொட்டையாக எழுதினால் உதவாது. ‘அக்காவுக்குப் போன்’, ‘மாட்டுக்குத் தண்ணி காட்டறது’ என்று எழுதினால் உதவும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். டப்பாவை ஒளித்து வைப்பது, தட்டை எண்ணுவது, “தின்னிப் பண்டாரம்” என்று கேலி பேசுவது எல்லாம் சேர்ந்து செய்வது ஒன்றே: சாப்பாடு ரகசியமாகும்.

எங்கள் கோரிக்கைக்குப் புதுக் கட்டடமோ கருவியோ வேண்டாம். நோயாளி தானே செய்துகொள்ள ஒருவர் கூட இருந்து வழிகாட்டும் சுயஉதவிச் சிகிச்சையை முதல் படியாக வையுங்கள் என்று, மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017இல் பரிந்துரைத்தது: 16 வாரத்துக்குள் 4 முதல் 9 சந்திப்பு, ஒவ்வொன்றும் 20 நிமிடம். 4 வாரத்தில் பலனில்லை என்றால் குழுச் சிகிச்சை. பயிற்சி கொடுத்தால் தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியர் அந்த 20 நிமிடத்தை நடத்த முடியும். சந்திப்பில் செய்ய வேண்டியது நோட்டைச் சேர்ந்து படிப்பதும், எந்த வேளை விட்டுப்போனது என்று பார்ப்பதும்தான். எடை குறைந்ததா என்பதை வெற்றிக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். இந்தச் சிகிச்சையால் எடை பெரிதாக இறங்காது, கட்டுப்பாடு இழக்கும் நாட்கள்தான் குறையும். அதை முதலிலேயே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் வாரத்தில் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ தென்பட்டால் சுயஉதவியோடு நிற்க வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416இல் இரவிலும் தமிழில் பேசலாம். மாத்திரை அட்டையைக் கொடுக்கும்போதே அதை எழுதிக் கொடுங்கள்.

நோயாளி பதிவேட்டில் அந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு கட்டம் சேர்க்க ஆணையிடும்படி மாவட்ட சுகாதார அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு பக்கத்தில் அடங்கும் மாதிரி உணவு நோட்டை நாங்கள் தயாரித்துத் தருகிறோம். செவிலியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தவும் வருகிறோம்.

இப்படிக்கு,
இரு மாவட்டங்களிலும் பணிபுரியும் உணவு ஆலோசகர்கள், மனநல ஆலோசகர்கள்